ஒரு விரல் இடைவெளி

நோட்புர்கா என்பது ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பெயர். அந்த மலையூரில் எல்லாருக்கும் அவள் புர்கல். கோவிலுக்கு எதிரே இருக்கும் காசியனின் பனிச்சறுக்குக் கடையில், இருபத்தேழு குளிர்காலமாக ஊராருக்கும் விருந்தாளிகளுக்கும் பூட்ஸ் பொருத்துகிறவள்.

பூட்ஸ் விற்கிறவள் என்று சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். செருப்பை விற்கலாம், சறுக்கு பூட்ஸை விற்க முடியாது, காலுக்குப் பொருத்தத்தான் முடியும் என்பாள். அதற்கு வெளியே கல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஓடு. உள்ளே மெத்தென்று ஓர் உறை. கடைக்கு வருகிறவர்கள் உறையோடு காலை நுழைத்து, நாலு பூட்டையும் மாட்டி, கம்பளத்தில் நாலடி நடந்துவிட்டு, "ஆஹா, சொகமா இருக்கு" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே புர்கல் கீழே உட்கார்ந்து பூட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவாள்.

"கடையில சொகமா இருந்தா மலையில அழுவே. கழட்டு, கழட்டு."

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், தன்னை நீ என்று சொல்கிறாளே என்று முகம் சுளித்தார். "இந்தப் பக்கமெல்லாம் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல வந்துட்டா பிஷப்பும் 'நீ'தான். காலைக் காட்டு" என்றாள். அவர் காட்டினார்.

அவள் முறை இதுதான். உறையை உருவி ஓரமாக வைத்துவிடுவாள். வெறும் ஓட்டுக்குள் வெறுங்காலை விடச் சொல்வாள். கால்விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும். அப்போது குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவே தன் வலது ஆள்காட்டி விரலை இறக்குவாள். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு ஒன்றரை விரல் இடம். மலையிலேயே பிழைக்கிறவர்களுக்கு ஒரே விரல், அதுவும் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு இறங்க வேண்டும். விரல் போகாவிட்டால் அடுத்த அளவு ஓடு. லொடலொடவென்று ஆடினால் முந்தைய அளவு. ஓடுகள் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில்தான் வரும், நடுவில் எதுவும் கிடையாது. அதனால் அந்த ஒரு விரல் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும்.

பொய் சொன்னதும் இல்லை. "புர்கலோட விரல் பட்ட பூட்ஸ்" என்றால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் பேச்சு உண்டு. நாலு வருஷத்துக்கு முன் காசியன் இரும்பில் ஓர் அளவுகோல் வாங்கி வந்தபோது அவள் அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"எனக்குக் கடவுள் குடுத்த அளவுகோல் இருக்கு. இது உனக்கு, மீன் அளக்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தினமும் காலைப் பூசைக்குப் போகிற, யாரையும் அதட்டிப் பேசாத புர்கலிடம் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்த விரல் நுனியில்தான் இருந்தது. அதை அவள் பெருமை என்று நினைக்கவில்லை. கடவுள் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால் அது பக்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன நவம்பரில் செராஃபின் வந்தான். ஐம்பத்தேழு வயது. முப்பத்துநாலு குளிர்காலம் மலை மீட்புக் காவலில் இருந்தவன். அடிபட்டு விழுந்தவர்களைத் தொட்டில் மாதிரி ஒரு சறுக்குப் படகில் கிடத்தி, முன்கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சரிவிலும், தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தாதபடி இறக்கிவிடுவான் என்று பெயர். பழைய பூட்ஸின் ஓடு விரிசல் விட்டிருந்தது.

புர்கல் அவன் வழக்கமாகப் போடும் இருபத்தாறாம் அளவு ஓட்டை எடுத்தாள். விரலை விட்டாள். நடு மூட்டு வரை போய் நின்றுவிட்டது.

"கால் வளந்துடுச்சு செராஃபின்."

"வயசானா மூக்கு வளரும், காது வளரும்னு சொன்னாங்க. காலுமா?"

"எலும்பு தளர்ந்தா பாதம் நீளும்ப்பா. எல்லாருக்கும் உள்ளதுதான்."

இருபத்தேழாம் அளவைக் கொடுத்தாள். அதில் விரல் தாராளமாகவே இறங்கியது, நடுவில்தான் வேறு அளவு இல்லையே. செராஃபின் தன் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே வெளியே போனான்.

ஜனவரியில் மறுபடி வந்தான். வலது கட்டைவிரல் நகம் திராட்சை மாதிரி கறுத்திருந்தது. நகம் கறுத்தால் முன்னால் இடம் பற்றவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது நேர்மாறு. பூட்ஸ் பெரிதாக இருந்தால் குதிகால் நிலையாக நிற்காமல், கால் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் ஓடிப்போய் முட்டும். இது புர்கலுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

அன்று கடை நிறைய விருந்தாளிகள். அவள் உறையை உருவியபோது அதன் குதிகால் பகுதி தேய்ந்து பளபளவென்று இருந்தது. குதிகால் ஏறி இறங்கினால்தான் அப்படித் தேயும். கண்ணில் பட்டது. ஆனால் பொருத்தியது அவள் விரல் ஆயிற்றே. ஓட்டின் முனையைச் சூடாக்கி, முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி, இடம் பண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அடுத்தவர் காலுக்குத் திரும்பினாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அது நடந்தது. ஹாலந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை ஒருத்தி மணிக்கட்டு ஒடிந்து மலைமேல் விழுந்து கிடந்தாள். செராஃபின் படகில் கிடத்தி இறக்கினான். சரிவோரம் நட்டிருந்த சிலுவை மரத்துக்குக் கீழே பனி கண்ணாடியாக இறுகியிருந்த இடத்தில் அவன் கால் பிடி விட்டது. படகு பக்கவாட்டில் திரும்பி ஓரத்து வலையில் போய்ச் சாய்ந்தது. அந்த அம்மாளுக்குத் தாடையில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் செராஃபின் எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, கைப்பிடிகளை இன்னொருவனிடம் கொடுத்தான். முப்பத்துநாலு வருஷத்தில் அவன் அப்படிக் கொடுத்ததில்லை.

"கால் சொன்ன பேச்சைக் கேக்கல" என்று அன்று சாயங்காலம் சத்திரத்தில் சொன்னான். "போதும். ஜோசஃபி அன்னைக்குக் காவலோட சிவப்புச் சட்டையைத் திருப்பிக் குடுத்துடறேன்."

சூசையப்பர் திருநாளை அந்த ஊரில் ஜோசஃபி என்பார்கள். பாவம், வயசாயிடுச்சு என்று ஊர் பேசியது. புர்கலும் அப்படித்தான் சொன்னாள். அவனுக்காகக் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள்.

தவக்காலம் இரண்டாம் வாரம் அவள் கல்யாண மோதிரம் விரலை இறுக்க ஆரம்பித்தது. விரல் நீலம் பாரித்தது. கணவன் அல்பன் தச்சன். சோப்பு போட்டுப் பார்த்தான், வெண்ணெய் தடவிப் பார்த்தான்.

"முப்பது வருஷம் பொறுத்திட்டு இப்பத்தான் கழட்டணும்னு தோணிச்சா உனக்கு?"

"விளையாடாதே. வலிக்குது."

கீழே லாண்டெக் நகரில் பொற்கொல்லர் அதை நறுக்கி எடுத்தார். பிறகு அவள் விரலில் ஒவ்வொரு வளையமாகப் போட்டுப் பார்த்தார்.

"அம்மா, இந்த மோதிரம் சுத்தளவு அம்பத்து மூணு மில்லிமீட்டர். உங்க விரல் இப்ப அறுபத்து ரெண்டு. இது மட்டும் இல்ல, எல்லா விரலும் அப்படித்தான் இருக்கு. மூட்டைப் பாருங்க, முடிச்சு முடிச்சா. எப்ப இருந்து?"

"போன கோடையில வைக்கோல் வாரும்போது கை வலிச்சது. அப்ப இருந்து இருக்கும்."

"மோதிரத்தைப் பெருசு பண்ணித் தரட்டுமா?"

கணவனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று, நறுக்கிய மோதிரத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன் அந்த மோதிரத்தை விளையாட்டாக ஆள்காட்டி விரலிலும் போட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒரே பருமன். பேருந்து மூன்றாவது வளைவில் திரும்பியபோது அவள் ஆள்காட்டி விரலைத் தனியே நீட்டிப் பார்த்தாள்.

செராஃபினின் கால் வளரவில்லை.

வீட்டுக்குப் போனதும் மோதிரத்தை அல்பனிடம் நீட்டினாள். "இடுக்கியால சேத்து வட்டமாக்கு. அதுக்குள்ள சரியா போற மாதிரி ஒரு குச்சி கடைஞ்சு குடு."

"மோதிரத்துக்குக் குச்சியா? என்ன வேண்டுதல் இது?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் செர்ரி மரத்தில் கடைந்து கொடுத்தான்.

மறுநாள் கடையில் இருபத்தாறாம் அளவு ஓடு ஒன்றில், காசியனைக் காலை விடச் சொன்னாள். அவன் பாதம் செராஃபின் பாதத்தின் அளவேதான். விரல் போகவில்லை. குச்சி உரசிக்கொண்டு இறங்கியது. இரண்டுக்கும் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த மூன்று மில்லிமீட்டருக்காக ஓர் ஓடு தாண்டி, காலுக்கு ஒரு சென்டிமீட்டர் காலி இடம் கொடுத்து, அது பற்றாதென்று முன்னாலும் தள்ளிக் கொடுத்திருக்கிறாள்.

காசியன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சீசன் முடியட்டும் புர்கல். நம்ம தலையில நாமே ஏன் மண்ணை வாரிப் போட்டுக்கணும்? அவனுக்கும் வயசு ஆச்சுதானே. பூட்ஸால இல்லேன்னாலும் அடுத்த வருஷம் முட்டி போய் விட்டிருப்பான்."

அவன் கெட்டவனல்ல. அவன் சொன்னது அவளுக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஜோசஃபிக்கு ஒன்பது நாள் இருந்தது. எட்டானது. ஐந்தானது. காலைப் பூசையில் அவள் ஜெபம் முன்னால் போகாமல் ஒரே இடத்தில் நின்று ஆடியது. யாரோ படியேறி வந்தால் செராஃபின்தானோ என்று கிடங்கு அறைக்குள் போய் நின்றுகொண்டாள். அவன் வரவில்லை. வேலையை விடுகிறவனுக்குப் பூட்ஸ் எதற்கு?

ஜோசஃபி திங்கட்கிழமை. முந்தைய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர். என்ன சொல்வது என்று மனதில் கோத்துக்கொண்டிருந்தாள். "விரல் வீங்கியிருந்தது சாமி, தெரியாமல் செய்துவிட்டேன்." இல்லை. ஜனவரியில் உறை தேய்ந்திருந்ததைப் பார்த்தாயே? "பார்த்தேன் சாமி." அப்புறம்? அப்புறம் அவர் சிலுவை போட்டு மன்னிப்பார். அவளும் லேசாகி வீட்டுக்குப் போவாள். செராஃபின் திங்கட்கிழமை சட்டையைக் கொடுப்பான். இதை முதலில் கேட்க வேண்டிய ஆள் அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அல்ல. புர்கல் முழங்கால் மடித்துக் கும்பிட்டுவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். கடைக்குப் போய் இருபத்தாறாம் அளவு ஓடு ஒரு ஜோடியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டாள்.

செராஃபின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சிவப்புச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். திருப்பிக் கொடுக்கும்போது குறையில்லாமல் கொடுக்க வேண்டுமாம்.

"வா புர்கல். காபி போடட்டுமா?"

"தவக்காலம். காபியை விட்டுட்டேன்."

"நானும்தான் விட்டேன். மூணாம் நாளே அது தேடிக்கிட்டு வந்துடுச்சு."

"செராஃபின், உன் பூட்ஸைக் கொண்டா."

"எதுக்கு? அதுல செடி வைக்கலாம்னு பாக்கறேன்."

"கொண்டா. காலுறையைக் கழட்டு."

கறுத்த நகம் விழுந்துவிட்டிருந்தது. அந்த இடம் தோலுரித்த மரம் மாதிரி இளசாக இருந்தது. அவள் அவன் பூட்ஸின் உறையை உருவி, வெறும் ஓட்டில் காலை விடச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுக் காட்டினாள். பிறகு குச்சியை விட்டாள். அது கிணற்றில் விழுந்த மாதிரி உள்ளே ஆடியது.

"இது என்ன?"

"இது என் பழைய விரல்."

அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவன் ஊசியைக் கீழே வைத்தான். அவள் சொன்னாள். மோதிரம், பேருந்து, மூன்று மில்லிமீட்டர் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்துவிட்டு, ஜனவரியில் உறை தேய்ந்திருந்ததையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது.

இருபத்தேழு வருஷமாக ஊரார் காலடியில் முட்டி போட்டே பிழைத்தவள்தான். அன்றைக்குத்தான் முட்டி போட்டதுபோல் இருந்தது.

செராஃபின் அந்த ஓட்டிலிருந்து காலை உருவினான்.

"நவம்பர்ல என்ன சொன்னே? கால் வளந்துடுச்சுன்னே."

"ஆமா."

"ஜனவரில இன்னும் கொஞ்சம் தள்ளிவிடறேன்னே."

"ஆமா."

"நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? இந்தக் காலைத் திட்டினேன். தெனம் காலையில கட்டில்ல உக்காந்துகிட்டு, துரோகி, துரோகின்னு திட்டினேன். அந்த ஹாலந்துக்காரம்மா தாடையில ரத்தத்தோட என்னைப் பாத்து 'பரவால்ல'ன்னு சிரிச்சாளே, அது இன்னும் கண்ணுல நிக்குது. என் காலு ஒண்ணும் பண்ணல புர்கல். அது நேரா நின்னுதான் இருக்கு. நிக்கப் பிடிமானந்தான் இல்ல." குரல் உயர்ந்தது. "உன் விரல் வீங்கினதுக்கு என்னைக் கெழவனாக்கிட்டியேடி!"

அவள் முதுகுப்பையைத் திறந்து இருபத்தாறாம் அளவு ஓட்டை அவன் முன்னால் வைத்தாள். குச்சியை எடுத்தாள்.

"குச்சியை என்கிட்ட குடு" என்றான் செராஃபின். "நானே பாத்துக்கறேன்."

கொடுத்தாள். அவன் குனிந்து, மூச்சுப் பிடித்து, தன் குதிகாலுக்குப் பின்னால் தானே அளந்தான். இரண்டு முறை அளந்தான். அவள் ஓட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அதற்கு மட்டும் அவள் தேவைப்பட்டாள். பிறகு உறையைப் போட்டு, காலை இறக்கி, பூட்டுகளை மாட்டினான். முகம் கோணியது.

"அம்மாடி, செத்தேன்."

"வலிக்குதா, பிடிக்குதா?"

"பிடிக்குது."

"பிடிக்கத்தான் வேணும். முட்டியை மடக்கிச் சாஞ்சு நில்லு."

மடக்கினான். முட்டியை மடக்கினால் கால்விரல் முன்சுவரை விட்டுப் பின்வாங்கும்.

"குதிகால்?"

"கிடக்கற இடத்துல கிடக்கு" என்றான். பிறகு, அவளைப் பார்க்காமல், "நீ போ புர்கல். நான் கொஞ்ச நேரம் இப்படியே நிக்கணும்."

மறுநாள் பூசை முடிந்து அவள் சறுக்குச் சரிவின் அடியில் போய் நின்றாள். கோட்டுப் பைக்குள் ஜெபமாலை. மேலே சிவப்புப் புள்ளி ஒன்று வெறும் படகோடு கிளம்பியது. சிலுவை மரத்துக்குக் கீழே கண்ணாடிப் பனி வரும் இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அது அந்த இடத்தைத் தாண்டியிருந்தது. படகு பின்னால் கோடு போட்ட மாதிரி வந்தது. தண்ணீர் வைத்திருந்தால் சிந்தியிருக்காது.

அவன் அவள் பக்கத்தில் நிற்காமல் நேரே மீட்புக் காவல் மேலாளரின் அறைக்குப் போனான். திரும்பி வந்தபோது நின்றான்.

"என் இடத்துக்கு ஆள் எடுத்துக் கையெழுத்து போட்டாச்சாம். பக்கத்துப் பள்ளத்தாக்குப் பொண்ணு ஒருத்தி நாளைக்கு வர்றா. நல்ல பொண்ணுதான், பாத்திருக்கேன். அடுத்த குளிர்காலம் எனக்கு வாரத்துல மூணு நாள் குடுக்கறேங்கறாரு."

"மத்த நாலு நாள்?"

"அது உன் விரல் எடுத்துக்கிட்டது" என்றான் செராஃபின். கோபமாகச் சொல்லவில்லை. பனி எத்தனை அங்குலம் என்று சொல்வது மாதிரிச் சொன்னான்.

புர்கல் அந்தக் குளிர்காலத்தில் தான் பொருத்திய மற்றவர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதினாள். இருபத்துமூன்று பேர். "என் விரல் வீங்கியிருந்தது. உன் பூட்ஸ் பெரிதாக இருக்கலாம். கொண்டுவா" என்று ஒரே வாசகம். காசியன் முணுமுணுத்துக்கொண்டே தபால்தலை ஒட்டினான். சிலர் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி, தனக்குப் பெரிதாக இருப்பதே சுகம் என்று மாட்டேன் என்றுவிட்டாள். இழுப்பறையில் கிடந்த இரும்பு அளவுகோலை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார்கள். புர்கல் முதலில் அதில் அளப்பாள், பிறகு குச்சியை விடுவாள், பிறகு காலுக்கு உரியவரிடமே குச்சியைக் கொடுத்து, "நீயும் பாத்துக்கோ" என்பாள். பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனமும் செய்தாள். சாமியார் மன்னித்தார். மன்னிப்பு உண்மையானது என்று அவள் நம்புகிறவள்தான். ஆனாலும் செராஃபின் தெருவில் எதிரே வந்தால் அவள் கண் முதலில் கீழே போகும்.

ஆகஸ்டில் பெரிய மாதா திருநாள் வந்தது. பெண்கள் மலைப் பூக்களையும் மூலிகைகளையும் கட்டுக்கட்டாக மந்திரிக்கக் கொண்டுவந்து கோவில் முற்றத்தில் நின்றார்கள். வெயில் நல்ல வெயில். செராஃபின் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்து வரிசையில் நின்றான். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எல்லார் தலையும் குனிந்தது. புர்கல் தலையும் குனிந்தது, ஆனால் கண் பக்கத்து வரிசைக்கு ஓடியது. வலது கட்டைவிரல். புது நகம் அடியிலிருந்து கிளம்பி, பாதிக்குமேல் மூடியிருந்தது. கொஞ்சம் அலையலையாக, ஆனால் வெள்ளையாக.

"சாமியைப் பாரு" என்றான் செராஃபின், உதடு அசையாமல்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நகம் இன்னும் கால்வாசி வளரணும். நவம்பர் ஆகும்." தீர்த்தம் அவன் நெற்றியில் விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டான். "நவம்பர்ல மறுபடி அளக்க வர்றேன். குச்சியைத் தொலைச்சிடாதே."